உட்கருவில் ஒரு புரதம், சவ்வில் ஒரு புரதம்

சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்த ஒரு கட்டி. ஃபார்மலினில் ஊறவைத்து, பாரஃபின் மெழுகில் பதித்து, நான்கு மைக்ரான் தடிமனில் சீவி, அடுத்தடுத்து வந்த இரண்டு சீவல்களை இரண்டு ஸ்லைடுகளில் ஒட்டியிருக்கிறார்கள். கட்டி ஒன்றுதான், செல்களும் ஏறக்குறைய அதே செல்கள்தான். முதல் ஸ்லைடில் பி53 என்ற புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை இட்டிருக்கிறார்கள். இரண்டாவதில் நெக்டின்-4 என்ற புரதத்துக்கான ஆன்டிபாடி. ஆன்டிபாடி பிடித்துக்கொண்ட இடத்தில் பழுப்பு நிறம் ஏறும். மற்ற இடங்களில் உட்கருக்கள் மட்டும் ஹீமடாக்ஸிலின் சாயத்தின் நீலத்தோடு நிற்கும்.

மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், முதல் ஸ்லைடு முழுக்கப் பழுப்பு உருண்டைகள். ஒவ்வொன்றும் ஓர் உட்கரு. சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தில் நிறமே இல்லை. இரண்டாவது ஸ்லைடில் அப்படியே மாறிக் கிடக்கிறது. உட்கருக்கள் நீலமாகவே இருக்கின்றன; செல்லும் செல்லும் ஒட்டி நிற்கும் ஓரங்களில் மட்டும் பழுப்புக் கோடு ஓடுகிறது. பக்கத்துச் செல்லின் கோட்டோடு அது சேர்ந்து, கட்டி முழுவதும் ஒரு வலையாக விரிகிறது.

பரிசோதனை அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் எழுதப்படும்: பாசிட்டிவ். ஆனால் இந்த இரண்டு பாசிட்டிவ்களும் ஒரே வகைச் செய்தி அல்ல. உட்கருவில் குவிந்த பி53, அந்தச் செல்லுக்குள் ஏற்கெனவே நடந்து முடிந்த ஒரு கேட்டின் தடயம். சவ்வில் நிற்கும் நெக்டின்-4, வெளியிலிருந்து மருந்து எட்டிப் பிடிக்கக்கூடிய ஓர் இடம். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆராய்ச்சி இந்த இரண்டு புரதங்களோடும் பட்ட பாட்டை அருகருகே வைத்துப் பார்த்தால், இந்த வேறுபாடு எத்தனை நோயாளிகளின் சிகிச்சையைத் தொட்டிருக்கிறது என்பது தெரியும்.

பி53 மூத்தது. 1979-இல் எஸ்வி40 என்ற குரங்கு வைரஸின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வெளிப்பட்டது. முதல் பத்தாண்டுகள் அதைப் புற்றைத் தூண்டும் புரதம் என்றே நினைத்தார்கள். உண்மையில் அது புற்றைத் தடுக்கும் புரதம், அது கெட்டுப்போகும்போதுதான் ஆபத்து என்பது 1989 வாக்கில் தெளிவானது. இரண்டே ஆண்டுகளில் அது சிறுநீர்ப்பைக்கு வந்து சேர்ந்தது. 1991-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் சிட்ரான்ஸ்கி குழு, படர்ந்து ஊடுருவும் சிறுநீர்ப்பைக் கட்டிகளில் பி53 மரபணுவின் திடீர்மாற்றங்களைக் கண்டது. அதே மாற்றங்களை அந்த நோயாளிகளின் சிறுநீரில் உதிர்ந்த செல்களிலும் கண்டது. பிறகு அக்குழு அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ப்ரியின் பழைய மாதிரிகளை எடுத்துப் பார்த்தது. 1978-இல் சிறுநீர்ப்பைப் புற்றால் இறந்தவர் அவர். 1976-இல் அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியில் இருந்த அதே பி53 மாற்றம், 1967-இல் எடுத்து ஸ்லைடில் வைத்திருந்த சிறுநீர்ச் செல்களிலும் இருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கேடு செல்லுக்குள் குடியேறியிருந்தது என்பதை 1994-இல்தான் படிக்க முடிந்தது. இந்தத் துறையில் என் மனத்தை மிகவும் பாதித்த ஆய்வுகளுள் இது ஒன்று.

இனி, பி53 உட்கருவில் என்ன செய்கிறது? நான்கு மூலக்கூறுகள் சேர்ந்து ஓர் அலகாகி, டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களைப் பற்றிக்கொண்டு, செல் பிரிவதை நிறுத்தும் மரபணுக்களையும், பழுதைச் சரிசெய்யும் மரபணுக்களையும், பழுது தீராதபோது செல்லைச் சாகவிடும் மரபணுக்களையும் இயக்குகிறது. நலமான செல்லில் இந்தப் புரதம் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும், அழிந்துகொண்டும் இருக்கும். எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து, அழிவுக்கான குறி ஒட்டி, உட்கருவிலிருந்து வெளியேற்றிச் சிதைக்க அனுப்பிவிடும். பி53-இன் ஆயுள் பொதுவாகச் சில பத்து நிமிடங்கள்தான். அந்த எம்டிஎம்2-ஐத் தயாரிக்கச் சொல்வதும் பி53-தான். தன்னை அழிக்கும் புரதத்தைத் தானே உண்டாக்கி, தன் அளவைத் தானே கட்டுக்குள் வைக்கிற ஏற்பாடு இது.

மரபணுவில் ஓர் எழுத்து மாறி, புரதத்தின் டிஎன்ஏ பிடிக்கும் பகுதி கெட்டுப்போனால் இந்தச் சுழற்சி அறுந்துவிடுகிறது. கெட்ட பி53 டிஎன்ஏவைப் பற்ற முடியாமல் போகும். எம்டிஎம்2-ஐயும் போதிய அளவு தூண்டாது. அழிக்க ஆளில்லாமல் பி53 உட்கருவில் குவியும். மைக்ரோஸ்கோப்பில் தெரியும் அடர்ந்த பழுப்பு இந்தக் குவியல்தான். பார்வைக்குப் புரதம் மிகுந்திருக்கிறது. செயலளவில் புரதமே இல்லை. பி53-ஐப் புரிந்துகொள்வதில் எல்லோரும் முதலில் தடுமாறும் இடம் இதுதான். புரதம் தன் சொந்த இடத்தில்தான் இருக்கிறது. நலமான செல்லிலும் அதன் இடம் உட்கருவே. மாறியது இடம் அல்ல, அங்கு அது தங்கும் நேரம்.

1994-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகக் குழு ஒன்றின் கட்டுரை வந்தது. சிறுநீர்ப்பை முழுவதையும் எடுத்துவிட்ட 243 பேரின் கட்டிகளில் உட்கருவில் பி53 குவிந்திருக்கிறதா என்று பார்த்திருந்தார்கள். முடிவு யாரையும் நிமிர்ந்து உட்காரவைக்கும். கட்டி சிறுநீர்ப்பைக்குள்ளேயே அடங்கியிருந்தவர்களில், உட்கருவில் பி53 தெரியாதவர்களுக்கு ஐந்து ஆண்டுகளில் நோய் திரும்பிய விகிதம், கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது என்பதைப் பொறுத்து 7, 12, 11 சதவீதம். பி53 தெரிந்தவர்களுக்கு 62, 56, 80 சதவீதம். கட்டியின் ஆழம், நிலை எல்லாவற்றையும் தாண்டி, ஒரு பழுப்பு நிறம் எதிர்காலத்தைச் சொல்லிவிடும் என்று அப்போது நம்பியதில் வியப்பில்லை.

அந்த நம்பிக்கையை முறையாகச் சோதித்தும் பார்த்தார்கள் என்பதற்காக இத்துறையினரை மனதாரப் பாராட்ட வேண்டும். அறுவை முடிந்த, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாத நோயாளிகளின் கட்டிகளில் பி53 பார்த்து, பாசிட்டிவாக இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு எம்விஏசி என்ற நான்கு மருந்துக் கீமோதெரபியைக் கொடுத்து, மற்றவர்களைக் கண்காணிப்பில் மட்டும் வைத்து ஒப்பிடுவது திட்டம். 499 பேரின் கட்டிகள் பரிசோதிக்கப்பட்டன. 272 பேர் பாசிட்டிவ். ஆனால் அவர்களில் 114 பேர் மட்டுமே குலுக்கல் முறைப் பிரிப்புக்கு ஒப்புக்கொண்டார்கள். 2011-இல் முடிவு வெளியானது. கீமோ கொடுத்ததால் பயன் தெரியவில்லை. அதைவிட முக்கியமாக, பி53 பாசிட்டிவாக இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் நோய் திரும்புவதிலேயே வேறுபாடு இல்லை. ஐந்து ஆண்டுகளில் நோய் திரும்பும் வாய்ப்பு மொத்தத்தில் 20 சதவீதம், இரு தரப்புக்கும்.

பலர் பங்கேற்க மறுத்ததும், நோய் திரும்பியவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்ததும், ஒதுக்கிய சிகிச்சை சிலருக்குக் கிடைக்காமல் போனதும் ஆய்வின் வலிமையைக் குறைத்துவிட்டன என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். அது சரிதான். ஆனால் என் பார்வையில் சிக்கலின் வேர் அதைவிட ஆழத்தில், அந்தப் பழுப்பு நிறத்தைப் படித்த முறையிலேயே இருந்தது.

உட்கருக்களில் பத்து சதவீதத்துக்கு மேல் நிறம் ஏறினால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ் என்பது அன்றைய அளவுகோல். இதில் நெகட்டிவ் என்ற வரிசையில் யார் யார் வந்து நிற்கிறார்கள் என்று பாருங்கள். பி53 நலமாக இருப்பதால் மிகக் குறைவாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிர் நிறம் காட்டும் கட்டி அங்கே நிற்கிறது. மரபணுவில் இடையிலேயே நிறுத்தக்குறி விழுந்து, புரதமே உருவாகாமல், ஓர் உட்கருவில்கூட நிறம் ஏறாத கட்டியும் அதே வரிசையில் நிற்கிறது. முன்னது நலம், பின்னது முழுக் கேடு. இரண்டுக்கும் ஒரே முத்திரை. இந்தப் பக்கம் பாசிட்டிவ் வரிசையிலும் அதே குழப்பம். கதிர்வீச்சோ அழற்சியோ டிஎன்ஏவைத் தாக்கினால் நலமான பி53-உம் சிறிது காலம் உட்கருவில் உயரும். அது தன் வேலையைச் செய்வதன் அறிகுறி. அந்த உயர்வும் பத்து சதவீதத்தைத் தாண்டிவிடலாம்.

இன்று பேதாலஜிஸ்டுகள் பி53-ஐ வேறு விதமாகப் படிக்கிறார்கள். எல்லா உட்கருக்களிலும் அடர்ந்த பழுப்பு என்றால் கேடு. கட்டியில் எங்குமே நிறமில்லை, ஆனால் பக்கத்தில் இருக்கும் இணைப்புத் திசுச் செல்களில் நிறம் ஏறியிருக்கிறது என்றால் அதுவும் கேடு. பக்கத்துச் செல்கள் நிறம் பெற்றிருப்பதே சாயம் ஒழுங்காக வேலை செய்ததற்குச் சான்று. இடையில் கலந்து கிடக்கும் வெளிர் நிறம்தான் நலம். நான்காவதாக ஒன்று உண்டு, அரிதானது: நிறம் உட்கருவில் இல்லாமல் சைட்டோபிளாசத்தில் பரவிக் கிடப்பது. பி53 புரதத்தின் வால் பக்கத்தில், உட்கருவுக்குள் நுழைய அனுமதி தரும் ஒரு சிறு அமினோ அமிலத் தொடர் இருக்கிறது. அந்தப் பகுதி சிதைந்தால் புரதம் உருவாகும், உள்ளே போகாது. மார்பகப் புற்றிலும் நியூரோபிளாஸ்டோமாவிலும், மரபணு நலமாக இருந்தும் பி53 சைட்டோபிளாசத்தில் சிறைப்பட்டிருப்பதை 1990-களிலேயே கண்டிருந்தார்கள். அளவை மட்டும் எண்ணும் எந்தக் கருவியும் இந்தக் கேட்டைப் பிடிக்காது. புரதம் இருக்கிறது, இயல்பான புரதம்கூட, ஆனால் வேலை நடக்கும் அறையில் இல்லை.

அமெரிக்காவின் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் 2017-இல் தசை வரை இறங்கிய 412 சிறுநீர்ப்பைக் கட்டிகளை ஆராய்ந்தபோது, பி53 மரபணு 48 சதவீதக் கட்டிகளில் மாறியிருந்தது. ஒரு சிறு பங்குக் கட்டிகளில் பி53 மாறவில்லை; பதிலாக எம்டிஎம்2 மரபணு பல படிகளாகப் பெருகி, நல்ல பி53-ஐ ஓயாமல் அழித்துக்கொண்டிருந்தது. அங்கும் கேடு ஒன்றே, தடயம் வேறு. பழுப்பு உட்கருவை மட்டும் தேடிப் போனவர்களுக்கு அது தட்டுப்பட வாய்ப்பில்லை.

நெக்டின்-4-இன் கதை வேறு திசையில் நகர்கிறது. பிரான்சின் மார்செய் நகரில் இயங்கும் ஆய்வுக் குழு ஒன்று 2001-இல் அதை அடையாளம் கண்டது. செல்லையும் செல்லையும் பிணைக்கும் நெக்டின் குடும்பத்தில் நான்காவது. கருவிலும் நஞ்சுக்கொடியிலும் மிகுதி. வளர்ந்த உடலில் தோல் உள்ளிட்ட சில திசுக்களில் மட்டும் கணிசமாக இருக்கும். அதன் மரபணு பிறவியிலேயே கெட்டிருந்தால் முடி, பல், தோல் வளர்ச்சி குறைந்து விரல்கள் ஒட்டிப் பிறக்கும் ஓர் அரிய நோய் வருகிறது. 2011-இல் இன்னொரு முகமும் தெரிந்தது. தட்டம்மை வைரஸ் நுரையீரல் பாதையின் எபிதீலியச் செல்களைப் பிடிக்கும் கைப்பிடி இதுதான். வைரஸ் முதலில் நோயெதிர்ப்புச் செல்களில் ஏறி, உடலுக்குள் சுற்றி, பிறகு எபிதீலியச் செல்லின் அடிப்பக்கச் சவ்வில் இருக்கும் நெக்டின்-4-ஐப் பற்றி உள்ளே நுழைந்து, மேல்பக்கம் வழியாக மூச்சுக்காற்றில் வெளியேறுகிறது. செல்லின் அடிப்பக்கமா மேல்பக்கமா என்ற நுணுக்கம்கூட வைரஸுக்கு வாழ்வா சாவா கேள்வி என்பதை இந்தக் கண்டுபிடிப்பு காட்டியது.

இந்தப் புரதத்தின் பயணத்தைக் கவனியுங்கள். எண்டோபிளாச வலையில் உருவாகி, கோல்கி உறுப்பில் சர்க்கரைத் துணுக்குகள் ஒட்டப்பெற்று, சவ்வுக்கு வந்து, ஒரு பகுதியை வெளியிலும் ஒரு சிறு வாலை உள்ளேயும் வைத்துக்கொண்டு நிலைக்கிறது. உள்வால் அஃபாடின் என்ற புரதம் வழியாகச் செல்லின் உள் எலும்புக்கூட்டோடு கட்டப்பட்டிருக்கிறது. வெளிப்பகுதி பக்கத்துச் செல்லின் நெக்டினோடு கை கோக்கிறது. சிறுநீர்ப்பைப் புற்றில் இந்தப் புரதம் மிகுந்து கிடக்கிறது என்று கண்ட ஏஜென்சிஸ், சியாட்டில் ஜெனெடிக்ஸ் நிறுவனங்களின் ஆய்வாளர்கள், வெளிப்பகுதியைப் பிடிக்கும் ஓர் ஆன்டிபாடியோடு எம்எம்ஏஇ என்ற கடும் செல்நஞ்சைக் கோத்து ஒரு மருந்தை உருவாக்கினார்கள். என்ஃபோர்டுமாப் வெடோட்டின் என்பது அதன் பெயர். 2016-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் சிறுநீர்ப்பைக் கட்டிகளில் 60 சதவீதத்தில் நெக்டின்-4 நடுத்தரமாகவோ வலுவாகவோ நிறம் காட்டியது.

மருந்து வேலை செய்யும் வரிசை இது. ரத்தத்தில் வரும் ஆன்டிபாடி, செல்லின் வெளிப்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நெக்டின்-4-ஐப் பற்றுகிறது. சவ்வு உள்மடிந்து இரண்டையும் சேர்த்து விழுங்குகிறது. லைசோசோமுக்குள் போனதும் அங்குள்ள நொதிகள் ஆன்டிபாடியையும் நஞ்சையும் இணைக்கும் கண்ணியை அறுக்கின்றன. விடுபட்ட நஞ்சு நுண்குழல்களைக் குலைக்க, பிரியப்போன செல் பாதியில் நின்று மடிகிறது. இதில் முதல் படி சவ்வில்தான் நடந்தாக வேண்டும். தபால்காரர் வாசல் வரைதான் வருவார். பெட்டியை உள்ளறையில் மாட்டிவைத்த வீட்டுக்குக் கடிதம் சேராது. சைட்டோபிளாசத்தில் எவ்வளவு நெக்டின்-4 இருந்தாலும் இந்த மருந்துக்கு அது இல்லாததற்குச் சமம்.

பி53-இல் ஒரு கண்டுபிடிப்பு சிகிச்சையாக மாறாமல் நின்றது. நெக்டின்-4-இல் மாறியது. 2019 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த மருந்துக்கு விரைவு அனுமதி கொடுத்தது. 2021-இல் வெளியான மூன்றாம் கட்ட ஆய்வில், பிளாட்டினம் கீமோவும் இம்யூனோதெரபியும் பெற்ற பிறகும் நோய் முற்றிய 608 பேர் கலந்துகொண்டார்கள். வழக்கமான கீமோ பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் சுமார் 9 மாதம். இந்த மருந்து பெற்றவர்களுக்குச் சுமார் 13 மாதம். பெரிய மாற்றம் 2024 மார்ச்சில் வெளியான ஆய்வில் வந்தது. இதுவரை சிகிச்சையே பெறாத, பரவிய நோயுள்ள 886 பேரில், இந்த மருந்தையும் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 31.5 மாதம். கீமோ பெற்றவர்களுக்கு 16.1 மாதம். பல பத்தாண்டுகளாகப் பிளாட்டினம் கீமோவையே முதல் வழியாக நம்பியிருந்த நோயில் இந்த எண்கள் என்ன பொருள் தரும் என்பதை, அந்த நோயாளிகளோடு காத்திருந்த குடும்பங்கள் அறியும்.

இந்த வெற்றியின் விலையும் அதே இடக் கணக்கிலிருந்து வருகிறது. நெக்டின்-4 தோலின் மேலடுக்குச் செல்களிலும், வியர்வைச் சுரப்பிகளிலும், மயிர்க்கால்களிலும் சவ்வில்தான் இருக்கிறது. மருந்துக்குக் கட்டியின் சவ்வு, தோலின் சவ்வு என்ற வேறுபாடு தெரியாது. தோல் தடிப்பு இந்த மருந்தில் மிகப் பொதுவான பக்கவிளைவு. சிலருக்குத் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குப் போகலாம் என்பதால் மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பிலேயே கட்டமிட்ட எச்சரிக்கை சேர்க்கப்பட்டிருக்கிறது. பி53-க்கு இப்படி ஒரு கேள்வி எழுவதே இல்லை. உட்கருவுக்குள் இருக்கும் புரதத்தை வெளியிலிருந்து வரும் ஆன்டிபாடி தொடவே முடியாது. ஒரு புரதத்தின் இருப்பிடம் அதற்கு எந்த வகை மருந்து சாத்தியம் என்பதையே முன்கூட்டித் தீர்த்துவிடுகிறது.

சிறுநீர்ப்பைப் புற்றின் ஆய்வுக்கூடங்களில் இதற்கு இன்னொரு பழைய சான்று உண்டு. டி24 என்பது ஒரு சிறுநீர்ப்பைக் கட்டியிலிருந்து எடுத்து இன்றுவரை வளர்க்கப்படும் செல் வரிசை. 1982-இல் மனிதரில் முதன்முதலாகப் பிடிபட்ட புற்றுத் தூண்டு மரபணுவான எச்-ராஸ், டி24 செல்களிலிருந்தும் பிரித்தெடுக்கப்பட்டது. ஒரே ஒரு எழுத்து மாற்றம், ஒரே ஒரு அமினோ அமில மாற்றம். ஆனால் மாறிய ராஸ் புரதத்தின் வாலில் கொழுப்புத் துணுக்கை ஒட்டவிடாமல் தடுத்தால் அது சவ்வில் போய் ஒட்டாது; ஒட்டாத ராஸ் செல்லைப் புற்றாக்காது என்று 1984-இல் காட்டினார்கள். எழுத்து மாறிய கேடு அப்படியே இருக்கிறது. இடம் கிடைக்காததால் அது செயலற்றுப் போகிறது. டி24 செல்களில் பி53-உம் கெட்டது என்பதையும் சேர்த்தால், ஒரே செல்லுக்குள் சவ்வுக் கேடும் உட்கருக் கேடும் ஒன்றாக வாழ்வதைக் காணலாம்.

சரி, இந்த இரண்டு புரதங்களும் தம் இடத்தை விட்டு விலகினால் என்ன ஆகிறது? இங்கே ஒப்பீடு நேருக்கு நேர் மோதுகிறது. பி53 உட்கருவை விட்டு வெளியே தங்கினால் செல் தன் காவலை இழக்கிறது, லாபம் கட்டிக்கு. வெளியே வந்த பி53 முழுக்க வீண் என்றும் சொல்லிவிட முடியாது. மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய் நேரடியாகவே செல்லின் சாவைத் தூண்டும் வேலையும் அதற்கு உண்டு என்று 2003-இல் காட்டியிருக்கிறார்கள். நெக்டின்-4 சவ்வை விட்டு விலகினால் மருந்து தன் பிடியை இழக்கிறது. லாபம் அங்கும் கட்டிக்கே. ஆனால் முன்னதில் நோய் வளர்வதற்கான காரணம் மாறுகிறது. பின்னதில் நோயைத் தடுக்கும் வழி மாறுகிறது.

2023-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஆய்வு இதைத் துல்லியமாகத் தொட்டது. நிக்லாஸ் க்ளும்ப்பர், மார்க்குஸ் எக்‌ஷ்டைன் ஆகியோரின் குழு, சிறுநீர்ப்பையில் இருந்த மூலக் கட்டியையும் வேறு உறுப்புகளுக்குப் பரவிய கட்டிகளையும் ஒப்பிட்டது. பரவும் வழியில் சவ்வு நெக்டின்-4 அடிக்கடி குறைந்துபோயிருந்தது. பரவிய கட்டிகளில் ஏறக்குறைய பத்தில் நான்கு பங்கு சவ்வில் நிறமே காட்டவில்லை. சவ்வில் நெக்டின்-4 குறைவாகவோ இல்லாமலோ இருந்தவர்களுக்கு என்ஃபோர்டுமாப் குறைவாகவே பயன் தந்தது. அந்த ஆய்வின் தலைப்பிலேயே, வெறும் நெக்டின்-4 என்று எழுதாமல், சவ்வு நெக்டின்-4 என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு அடைமொழியில்தான் ஆய்வின் உயிர் இருக்கிறது. அடுத்த ஆண்டு அதே ஆய்வாளர்கள், கட்டிச் செல்களில் நெக்டின்-4 மரபணு பல படிகளாகப் பெருகியிருந்த நோயாளிகளில் 28 பேரில் 27 பேருக்கு மருந்து வேலை செய்தது என்று வெளியிட்டார்கள். பெருகாதவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பலன். மரபணுப் படிகள் கூடிய கட்டிகளில் சவ்வு நிறமும் கூடியிருந்தது. மரபணுவை எண்ணினாலும் கடைசியில் சவ்வுதான் பேசுகிறது.

அளக்கும் முறையிலும் இரண்டும் வேறு. பி53-க்குப் பத்து சதவீதக் கோடு ஒன்று போதும் என்று தொடங்கி, பிறகு நான்கு வகை வடிவங்களாக விரிந்தது. நெக்டின்-4-க்கு எச்-ஸ்கோர் என்ற கணக்கு. வெளிர் நிறம் ஏறிய செல்களின் சதவீதத்தை ஒன்றாலும், நடுத்தரத்தை இரண்டாலும், அடர்த்தியை மூன்றாலும் பெருக்கிக் கூட்டுவார்கள். 0 முதல் 300 வரை வரும். கேட்பதற்கு எளிது. ஸ்லைடின் முன் உட்கார்ந்தால் எளிதல்ல. சவ்வில் ஓடும் மெல்லிய கோட்டையும் சவ்வை ஒட்டிய சைட்டோபிளாசத்தில் படிந்த துகள் நிறத்தையும் பிரித்துப் பார்க்கத் தேர்ந்த கண் வேண்டும். திசு ஃபார்மலினில் எவ்வளவு நேரம் கிடந்தது, ஆன்டிபாடி புரதத்தின் எந்தப் பகுதியைப் பிடிப்பது என்பவையும் நிறத்தை மாற்றிவிடும். செல்லை உடைத்து உட்கருவைத் தனியாகவும் சைட்டோபிளாசத்தைத் தனியாகவும் பிரித்து அளக்கும் முறையும், ஒளிரும் சாயமிட்டுக் கான்ஃபோக்கல் மைக்ரோஸ்கோப்பில் அடுக்கடுக்காகப் படம் எடுக்கும் முறையும் ஆய்வுக்கூடத்தில் துணைக்கு நிற்கின்றன. மருத்துவமனை பேதாலஜி அறையில் அந்த வசதி இருக்காது. அங்கு முடிவு ஒரு பழுப்புக் கோட்டையும் ஒரு மனிதரின் கண்ணையும் நம்பியே எடுக்கப்படுகிறது. அதனால்தான் ஆர்என்ஏ அளவை மட்டும் வைத்துப் புரதத்தைப் பற்றி முடிவு சொல்லும் ஆய்வுகளை நான் தயக்கத்தோடே படிக்கிறேன். ஆர்என்ஏ எவ்வளவு என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது.

பி53 இன்றும் பேதாலஜி அறையில் வேலை செய்கிறது, அன்று எதிர்பார்த்த இடத்தில் அல்ல. சிறுநீர்ப்பையின் உட்பூச்சில் தட்டையாக, கட்டியாக எழாமல் இருக்கும் ஆரம்பக் கட்டப் புற்று ஒன்று உண்டு. அழற்சியால் உருமாறிய சாதாரணச் செல்களிலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம். அங்கே மூன்று சாயங்களைச் சேர்த்துப் பார்ப்பார்கள். சைட்டோகெராட்டின் 20 நலமான உட்பூச்சில் மேலடுக்குச் செல்களில் மட்டும் இருக்கும். புற்றில் உட்பூச்சின் முழுத் தடிமனிலும் ஏறும். சிடி44 அடியடுக்கில் இருக்கும், புற்றில் மறையும். பி53 உட்கருக்களில் அடர்ந்து தெரியும். மூன்றுமே எந்த அடுக்கில், செல்லின் எந்தப் பகுதியில் என்ற கேள்விக்கான பதில்கள். எதிர்காலத்தை முன்கூட்டிச் சொல்லும் பொறுப்பை இறக்கிவைத்த பிறகு, கண்ணெதிரே இருப்பது என்ன என்று சொல்வதில் பி53 நம்பகமாக உதவுகிறது. தடயத்தைத் தடயமாகப் படித்தால் அது ஏமாற்றுவதில்லை.

நெக்டின்-4-இல் இன்று நடைமுறை நேர்மாறாக இருக்கிறது. சிறுநீர்ப்பைக் கட்டிகளில் பெரும்பாலானவை அந்தப் புரதத்தைக் காட்டுவதால், மருந்து கொடுக்கும் முன் பரிசோதனை தேவையில்லை என்ற நிலையில்தான் அனுமதி இருக்கிறது. தொடக்கத்தில் இது நியாயமான முடிவு. விரைவாக முற்றும் நோயில் ஒரு பரிசோதனைக்காக வாரக்கணக்கில் காத்திருப்பது கொடுமை. விடுபட்ட நஞ்சு பக்கத்துச் செல்களுக்குள்ளும் கசிந்து அவற்றையும் கொல்லக்கூடும் என்பதால், சவ்வில் நெக்டின் இல்லாத சில செல்கள் இருப்பதும் பெரிய தடை அல்ல என்று கருத இடமுண்டு. ஆனால் இந்த மருந்து இப்போது முதல் சிகிச்சையாகிவிட்டது. அதைப் பெற்றும் நோய் முன்னேறுபவர்களின் எண்ணிக்கை இனிக் கூடவே செய்யும். அவர்களுடைய பரவிய கட்டியிலிருந்து புதிதாகத் திசு எடுத்து, சவ்வில் நெக்டின்-4 நிற்கிறதா, சைட்டோபிளாசத்துக்குள் ஒதுங்கிவிட்டதா, அறவே மறைந்துவிட்டதா என்று பார்ப்பதைப் பரிசோதனை வரிசையில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல ஆண்டுகளுக்கு முன் சிறுநீர்ப்பையில் எடுத்த பழைய பாரஃபின் பிளாக்கை வைத்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது; ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போய்ச் சேர்ந்த செல்களின் சவ்வு அதற்குள் மாறியிருக்கலாம் என்பதை 2023-இன் ஆய்வு காட்டிவிட்டது.